எழுநூற்றைம்பது அடி

சான் பிரான்சிஸ்கோ மூடுபனியோடுதான் என் பிழைப்பு.
அது என்மேல் பட்டதில்லை.
தொண்ணூறு மைல் தள்ளி, சாக்ரமெண்டோவில்,
கார் ஸ்டியரிங் கையைச் சுடும் ஜூலையில்,
ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார்ந்து
அதன் வழியே விமானங்களை இறக்குகிறேன்.

இறக்குகிறேன் என்பதுகூட மிகை.
இறக்குபவர்கள் வேறு.
நான் பார்த்துக்கொண்டிருப்பவள்.

ஓடுபாதை இரண்டு. நடுவே எழுநூற்றைம்பது அடி,
பால் வாங்க நடக்கும் தூரம்.
இரண்டுக்கும் ஒவ்வொன்றாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்.
இடையில் என் திரையில் சிவப்பாக ஒரு பட்டை:
யார் பேரிலும் பட்டா இல்லாத வானம்,
புறம்போக்கு.
அதற்குள் ஒரு மூக்கு நுழைந்தால்
என் கட்டைவிரல் அழுந்தும்,
என் குரல் மற்ற குரல்களை மிதித்துக்கொண்டு போய்
'திரும்பு, இப்போதே' என்னும்.
பதினோரு வருடத்தில் மூன்று முறை.
மற்ற நாளெல்லாம்
வாயை மூடிக்கொண்டிருந்ததற்குச் சம்பளம்.

பக்கத்து நாற்காலியில் டெல்மார்.
இடது பாதை அவருக்கு, வலது எனக்கு.
முழங்கை உரசும். திரும்பிக்கொள்வதில்லை.
அவருக்கு விவாகரத்து ஆனதை
காபி இயந்திரத்தருகே வேறு யாரோ சொன்னார்கள்.

இன்று நாலு பத்துக்கு
சொன்னதைவிட மேகம் இறங்கிவிட்டது.
இடதில் ரெய்க்யாவிக்கிலிருந்து பெரியது,
சற்றுப் பின்னால் வலதில் பாய்சியிலிருந்து சின்னது.
மேகத்தைத் தாண்டியதும்
பின்னால் வருபவர் முன்னால் போவதைக்
கண்ணால் காண வேண்டும்.
கண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும்.
கருவியில் தெரிகிறதே என்பது செல்லாது.

'தேடுகிறோம்' என்றது ஒரு பெண் குரல்.
பதினெட்டு. பதினேழு. பதினாறு.
அவள் முதுகுக்குப் பின்னே நூற்றுச்சொச்சம் பேர்
பெல்ட்டோடு, பசியோடு,
அடுத்த விமானம் போய்விடுமே என்று.
ஒரு சின்னப் பொய் போதும்.
பெரும்பாலான நாட்களில் அது உண்மையாகவே ஆகியிருக்கும்.

'தெரியவில்லை. மேலே போகிறோம்.'

எண்கள் ஒரு கணம் நின்றன,
பிறகு ஏறின.
டெல்மாரின் பெரியது தரையைத் தொட்டது,
தன்னை ஒருத்தி தேடினாள் என்று அறியாமல்.

இருபது நிமிடம் சுற்றிவிட்டு மறுபடி வந்தாள்.
இம்முறை முன்னால் வேறொன்று.
'தெரிகிறது' என்றாள்.
அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.

ஷிப்ட் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றுகையில்
டெல்மாரின் பக்கம் முழுசாகத் திரும்பினேன்.
தாடி வளர்த்திருக்கிறார்.
நரைத்தும் இருந்தது.