ஆறாயிரத்து இருநூறில்

காலை ஐந்தே முக்கால்.
ஒரகடம் தொழிற்சாலையின் பின்வாசல்.
வண்டிக்கு இன்னும் பெயரில்லை.
உடம்பெங்கும் கறுப்பு வெள்ளைச் சுழிகள்,
எவனாவது படமெடுத்தால்
வடிவம் பிடிபடாதபடிக்கு.
எனக்கும் ஓர் அட்டை கழுத்தில்:
பெர்க்மான்ஸ். ஒப்பந்தப் பணியாளர். சோதனை ஓட்டம்.
ஐந்து முறை சாம்பியன் என்று எழுத
அதில் இடமில்லை.
நானும் கேட்கவில்லை.

மதுமதி தாளை நீட்டுகிறாள்.
முதல் வரிசை: மூன்றாம் கியர், நாற்பது, மண்ணிவாக்கம் வரை.
இரண்டாவது: அதே கியரில் மெல்ல இழுத்து ஏழாயிரம்.
"நாப்பதுன்னா நாப்பது சார்.
நேத்து ஒரு எடத்துல நாப்பத்தி மூணு."
திரையில் அது முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நேற்று படப்பையில்
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி சுமந்த பையன்
இடப்பக்கம் புகுந்து முந்தினான்.
வலது மணிக்கட்டு என்னைக் கேட்கவில்லை.
இருபது வருஷம் அதற்கு
அந்த ஒன்றைத்தான் பழக்கினேன்.
இப்போது
மறக்கச் சொல்லிச் சம்பளம் தருகிறார்கள்,
மாதம் ஏழாம் தேதி.

மண்ணிவாக்கம் சிக்னல்.
ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிய ஸ்கூட்டர்க்காரர்
சுழிகளை மேலும் கீழும் பார்க்கிறார்.
"புது மாடலா?"
சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"என்னா மைலேஜ் குடுக்குது?"
இருங்காட்டுக்கோட்டையில்
முதல் கோப்பையோடு இறங்கி வந்தபோது
மாமனாரும் இதைத்தான் கேட்டார்.
தெரியாது என்றேன்.
அன்றும் இன்றும் உண்மை.

பந்தயத்தில் வண்டியோடு பேச்சுக் கிடையாது.
அது கத்தும், ஹெல்மெட்டுக்குள் நானும் கத்துவேன்,
கொடி விழும், அவ்வளவுதான்.
இங்கே வார்த்தை வேண்டும்.
'அதிருது' போதாது.
எங்கே அதிருது, எப்போ,
கொசு மாதிரியா, மாவு மிஷின் மாதிரியா?
பல் வலிக்கத் தொடங்கும் முன்
பல் இருப்பது தெரியுமே, அந்த மாதிரி
என்றேன் போன வாரம்.
அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

இன்று
ஆறாயிரத்து இருநூறில்
இடது கால்மிதியிலிருந்து ஏதோ ஏறியது.
ஆறாயிரத்து முந்நூறில் இல்லை.
காலுக்குத் தெரியவில்லை, தோளுக்குத்தான் தெரிந்தது.
அங்கே காறை எலும்பில்
ஒரு தகடும் ஏழு திருகும்.
மூன்றாம் வளைவில்
என் பந்தயம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை
போரூர் ஆஸ்பத்திரியில் வைத்தது.
மழைக்கு மட்டும் முனகும்.
இன்று வெயில்.

வண்டியில் சென்சார் பதினாலு.
பதினாலும் ஒன்றுமில்லை என்கின்றன.
கோடு, காற்றில்லாத நாளின்
செம்பரம்பாக்கத்துத் தண்ணீராய்க் கிடக்கிறது.
"ரோடா இருக்கும் சார்."
இருக்கலாம்.
போன மாதம் நான் கண்டுபிடித்த எஞ்சின் சத்தம்
என் சாவிக்கொத்து என்று
கண்டுபிடித்தவள் அவள்.

மறுபடி போனேன்.
தண்ணீர் லாரிகளின் ஈரக்கோட்டுக்கு வலப்பக்கமாக,
கல்லூரிப் பேருந்துக்குப் பின்னால்,
நாற்பதாக.
ஆறாயிரத்து இருநூறு.
ஏழு திருகும் ஒரே குரலில்.

திரும்பி வந்து சொன்னபோது
மதுமதி சிரிக்கவில்லை.
டப்பாவைத் துழாவி
புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்தாள்.
"சட்டைல மேல் பட்டனைக் கழட்டுங்க சார்."
தகட்டின் மேல் வைத்து
வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி
தாளில் எழுதினாள்:
சென்சார் 15. பொருத்திய இடம்: ஓட்டுநர்.

மூன்றாம் சுற்று முடிந்தபோது பத்தரை மணி.
பதினைந்தாவது கோட்டில் மட்டும்
ஒரு சின்ன மேடு.
அவள் அதைப் பெரிதாக்கினாள்,
இன்னும் பெரிதாக்கினாள்,
யாருக்கோ போன் செய்தாள்.
கால்மிதித் தாங்கியைக் கழற்ற
ஸ்பேனரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.
உள்ளே என்ன இருந்ததென்று
எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிளாஸ்திரியைப் பிய்த்தபோது
முடியோடு வந்தது.
கத்திவிட்டேன்.
பதினோரு வருஷத்துக்குப் பிறகு
ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்று
நான் கத்தியது அப்போதுதான்.