வினைமுற்று

அதிகாலை மூன்று இருபதுக்குக் கைப்பேசி அதிர்கிறது.
பன்னிரண்டாம் பசு. கறப்பு தடைபட்டது.
ஸ்டெய்ன்வோர் வெறுங்காலை பூட்ஸில் நுழைத்து
முற்றத்துப் பனியை மிதித்துப் போகிறாள்.
ஐஸ்லாந்தின் வடகரை; ஜனவரி;
விடிய இன்னும் எட்டு மணி நேரம்.

கொட்டிலில் ரோபோவின் ஒற்றைக் கை
மடிக்குக் கீழே நீண்டபடி.
சிவப்பு ஒளி காம்பைத் தேடுகிறது,
விலகுகிறது, திரும்பவும் தேடுகிறது.
தயங்குகிறது என்றுதான் எழுத வருகிறது எனக்கு.
கையேட்டில் அதன் பெயர் பிழை நாற்பத்தொன்று.

ஹூவாவுக்கு மடி வற்றத் தொடங்கி மூன்று வாரம்.
ஆனாலும் இரவில் வந்து
கொம்பில்லாத தலையால் கதவை நெட்டி
உள்ளே நின்றுகொள்கிறது.
தீவனத்துக்காக, என்றார் கால்நடை மருத்துவர்.
தீவனம் தொட்டியில் அப்படியே கிடக்கிறது.

அவர்கள் மொழியில் இந்த யந்திரத்துக்குக்
கறவைப் பணியாள் என்று பேர்; அவன் என்பார்கள்.
பசு, அவள்.
குழந்தைதான் அது, நம்மைப் போலவே.
எனக்கோ ஒவ்வொரு வினையின் வாலிலும்
தீர்ப்பெழுதாமல் வாக்கியம் முடியாது.

ஒட்கெய்ர், அவள் தம்பி,
பனிவண்டியோடு கவிழ்ந்து பதினான்கு மாதம்.
குழாயில் உணவு. குழாயில் மூத்திரம்.
ஸ்கேனில் கிடத்தி, உன் வீட்டுக்குள்
அறை அறையாக நடப்பதாய் நினை, என்றார்கள்.
திரை இருண்டே கிடந்தது.
வீடு வேண்டாம், கொட்டில் என்று சொல்லுங்கள் என்றாள் இவள்.
ஓரத்தில் கடுகளவு மஞ்சள் பூத்தது.
இரைச்சலாகவும் இருக்கலாம், என்றார் டாக்டர்,
அதை மட்டும் மெதுவாக.
மறுநாள் பூக்கவில்லை.
மறுநாள் அவனுக்கு விருப்பமில்லாமலும் இருந்திருக்கலாம்.

கதவைத் திறந்துவிட்டாள்; ஹூவா போகவில்லை.
யந்திரக் கையைத் தொட்டாள். வெதுவெதுப்பு.
மோட்டார் சூடு, தெரியும்.
பசுவின் விலாவிலும் கிட்டத்தட்ட அதே சூடு.
ஞாயிற்றுக்கிழமை அவன் நெற்றியும் அப்படித்தான் இருந்தது;
சூட்டை வைத்து என்ன சொல்ல முடியும்.

அகுரெய்ரி மருத்துவமனையின் இரவுத் தாதியை அழைக்கிறாள்.
விழித்திருக்கிறானா?
கண்கள் திறந்திருக்கின்றன.
பார்க்கிறானா?
திறந்திருக்கின்றன, ஸ்டெய்ன்வோர்.

போனை அவன் காதில் வைக்கச் சொல்லிவிட்டு
எதுவும் பேசாமல் தன்னுடையதை உயர்த்திப் பிடிக்கிறாள்:
பம்பின் சீரான இழுப்பு,
அசைபோடும் தாடை,
தேடிக்கொண்டே இருக்கும் அந்தக் கை.