நிலவைப் பெருக்கியவன்

புக்கித் தீமா கல் குவாரியில்
அன்றைக்கு வெடி வைக்கவில்லை.
ஓவர்சியர் பொன்னுரங்கம் சொன்னார்:
"சினிமாக்காரன் வாடகை கட்டிட்டான்.
உனக்கு மூணு வெள்ளி. வெளக்கமாறு கொண்டா."

அறுபத்திரண்டு.
சந்திரனில் அதுவரை எவரும் இறங்கவில்லை,
அதனால் அது எப்படியிருக்கும் என்று
அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
டைரக்டர் பஹாரின் சாம்பல் என்றார்.
கேமரா ஆ குவெக் வெள்ளை என்றார்.
லாரி லாரியாய்க் கல்தூள், மேலே நாலு மூட்டை சுண்ணாம்பு.
முதல் நாள், முதல் ஷாட்.
ஒன்பது மணிக்கே காலைப் பொசுக்கியது நிலா.

நாயகன் ஏழு அடி நடப்பான்.
கட் என்பார்கள்.
நான் போய் ஏழு அடியையும் அழிக்க வேண்டும்,
அடுத்த தடவையும் அவனே முதல் மனிதனாய் இருப்பதற்கு.

பின்னால் நடந்தபடி பெருக்க வேண்டும்.
இல்லையென்றால் பெருக்கியவன் தடம் நின்றுவிடும்.
அப்புறம் ஈரச் சாக்கை இழுத்து
ஈர்க்குக் கோடுகளை மழுப்ப வேண்டும்.

மூன்றாவது டேக்கைக் குரங்கு கெடுத்தது.
குட்டியை வயிற்றில் கவ்வவிட்டுச்
சந்திரனின் குறுக்கே சாவகாசமாய்ப் போய்
ராக்கெட்டின் நிழலில் உட்கார்ந்து பேன் பார்த்தது.
பஹாரின் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.
அந்தக் குழியையும் நான்தான் பெருக்கினேன்.

நாயகன் சுல்கிப்ளிக்குப் பாராசூட் துணியில் உடை,
அலுமினியச் சட்டியில் தலை.
கழற்றும்போதெல்லாம்
புட்டுக்குழலைத் திறந்த மாதிரி ஆவி.
"அங்கே ரொம்பக் குளிருமாம்" என்றான் என்னிடம், மலாயில்.
சிரிக்கவும் எச்சில் இல்லை.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது.
இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று கத்தினார் பஹாரின்.
சாக்கு இழுக்க நேரமில்லை. பாய்ந்து விலகினேன்.
ஏழு அடி. கட்.
அடுத்த நிமிடம்
நிலா குழைந்து ரோட்டுக்கு ஓடியது.

அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது.

இப்போது அதைக் காவியம் என்கிறார்கள்.
பழுது நீக்கிய பிரதியைத் திரையிட்டபோது போயிருந்தேன்.
முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான்:
அவருக்குப் பின்னால் தரையில்
விசிறி விசிறியாய்க் கோடுகள் தெரிகின்றனவே,
காற்றில்லாத இடத்தில் அது என்ன?

மேடையில் இருந்தவர் குறியீடு என்றார்.
பிறகு தனிமை என்றார்.

நான் கை தூக்கவில்லை.
தென்னை ஈர்க்கு. கட்டு தளர்ந்திருந்தது,
இடது ஓரத்தில் இரண்டு குச்சி ஒடிந்திருந்தது.
அந்த இடைவெளியும்
அப்படியே விழுந்திருக்கிறது.