வேலந்தாவளத்தில் எக்ஸ்.எல்.

புதன்கிழமை பதினொன்றுக்குத்
திருப்பூரிலிருந்து சிக்கந்தர் ராவுத்தரின் ஆம்னி வரும்.
செக்போஸ்ட் தாண்டிப் புளியமரத்தடியில்
தார்ப்பாய் விரிப்பார்.
அவர் முடிச்சை அவிழ்ப்பதற்குள்
என் கை மூட்டைக்குள் போயிருக்கும்.
முதலில் தொடுவேன்.
படம் அப்புறம்.

கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்:
இது நூத்தி அறுபது ஜி.எஸ்.எம்.,
இது நூத்தி எண்பது,
இதுல பாதி பாலியஸ்டர், பொய் சொல்லாதீங்க ராவுத்தரே.
'எடைமேடைக்காரியை ஏமாத்த முடியுமா' என்பார்,
முகத்தைப் பார்க்காமல் சில்லறை எண்ணிக்கொண்டு.

அதுதான் வேலை.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும், சீட்டைக் கிழிப்பேன்.
எம்-சாண்ட், கோழித்தீவனம், தேங்காய், திரும்பி வரும் காலி.
ஆள் இல்லாத நேரம் ஒருநாள்
நானே மேடையில் ஏறி நின்றேன்: அறுபது.
கையில் ஒரு சட்டையோடு ஏறினேன்: அறுபது.
ஒன்பது சட்டைகளோடு ஏறினேன்: அறுபது.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

வீட்டில் நாற்பத்தேழு இருக்கின்றன.
எல்லாம் ஏதோ ஒரு தப்பால் கப்பல் ஏறாதவை.
திமிங்கலம் ஒன்று, வால் பக்கத்தையலுக்குள் போய்விட்டது.
பல் காட்டும் கரடி, துவைத்துத் துவைத்துப்
பல்லெல்லாம் கொட்டி இப்போது கொட்டாவி விடுகிறது.
எங்கேயோ குளிர்நாட்டில் நடந்த மாரத்தான்;
நான் ஓடியதாக டீக்கடை ஷைலஜன் அரைநாள் நம்பினான்.
ஏரிக்கரையில் ஒரு குடும்பம் கூடியதற்கு அடித்த சட்டை,
முதுகில் பன்னிரண்டு பெயர்கள்.
உள்ளே பதிமூன்றாவது ஆள் உட்கார்ந்து
கட்டுச்சோறு தின்கிறாள்.

வாங்கியதும் கழுத்து லேபிளை எடுக்க வேண்டும்.
கத்தரித்தால் மிச்சம் குத்தும்.
தையலை ஊசியால் ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்க வேண்டும்,
மீன்முள் எடுப்பதுபோல.
ரப்பர் பிரிண்ட் வேண்டவே வேண்டாம்,
மேடமாச வெயிலில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு
கழற்றும்போது தோலையும் கேட்கும்.
நாலு வருசம் துவைத்த பருத்தியைப் போட்டுக்கொண்டால்
கொஞ்ச நேரத்தில்
போட்டதே மறந்துவிடும்.
ஆடியில் கணவாய்க் காற்று கீழ்வழியே புகுந்து ஊதும்.
திமிங்கலத்துக்கு வயிறு வைக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
பட்டுச்சேலையின் ஜரிகை இடுப்பைப் பிராண்ட
காபித்தட்டோடு நின்றேன்.
மாப்பிள்ளையின் சித்தி கொல்லைக் கொடியைப் பார்த்துக் கேட்டாள்:
'வீட்ல எத்தனை ஆம்பளைங்க?'
ஒருத்தரும் இல்லைங்க, அது பூராவும் நான்தான்.
அம்மா முறுக்குத் தட்டை நகர்த்தினாள்,
யாரும் கேட்காமலேயே, இரண்டு தடவை.

கிளம்பும்போது அந்த ஆள்
செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து
'அந்தத் திமிங்கலம் எங்க வாங்கினீங்க?' என்றான்.
மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையில்
கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது.
பாவமாகத்தான் இருந்தது.
ஆனாலும் கோயமுத்தூர்ல என்று சொல்லிவிட்டேன்.
புதன்கிழமையைச் சொன்னால்
மூட்டைக்குள் இன்னொரு கை நுழையும்.

ஜாதகம் சேரவில்லை என்று சேதி வந்தது.
அது பரவாயில்லை.
பொய் சொன்னதுதான் எப்போதாவது
லேபிள் நுனிபோலக் குத்துகிறது.

இந்த வாரம் சாம்பல்நிறத்தில் ஒன்று, எண்பது ரூபாய்,
வெண்ணெய் மாதிரித் துணி.
நெஞ்சில் பூனை, தலைகீழாக அடித்துவிட்டார்கள்.
சீட்டு வாங்க வந்த பாலக்காட்டு டிரைவர்
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.
'சேச்சி, பூச்ச தலகீழா.'
குனிந்து பார்த்தேன்.
மீசை, மூக்கு, என்னையே பார்க்கும் இரண்டு கண்.
எனக்கு நேராத்தான் இருக்கு, வண்டியை எடு.