முட்டுக்கட்டை

மார்ச் முடியப்போகிறது.
ஷோதியேர் ஆறு இன்னும் உடையவில்லை.
பாலத்தருகே கறுப்புக் கோடுகள் மட்டும்
பனிக்கட்டிக்குள் ஓடத் தொடங்கியிருக்கின்றன.
பட்டறைக் கதவைத் திறந்ததும்
நேற்றுப் பாழானதுதான் கண்ணில் பட்டது.

மேப்பிள். எட்டுப் பலகை நெடுக்கே,
இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு தலைமாடு.
நெடுக்கே போகும்வரை
பிளேனர் சாப்பிட்ட பூனைபோல் முனகியது.
பின்தலைமாடு வந்ததும் குரல் மாறிற்று.
தொனா காதுமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தான்.
சடார்.
கடைசி அங்குலத்தில்
கைநீளச் சிலாம்பு ஒன்று பெயர்ந்து
தூசிக்குழாயில் குத்திட்டு நின்றது.

கத்தியைத் திட்டாதே என்றேன்,
சனிக்கிழமைதான் தீட்டினேன்.
நடுவில் இருக்கும் இழைக்கு அடி விழுந்தால்
அடுத்தது தாங்கும்,
அதை அதற்கடுத்தது.
கடைக்கோடி இழைக்குப் பின்னால்
காற்றுதான் நிற்கிறது.
காற்று யாரைத் தாங்கியிருக்கிறது?

புதுத் தலைமாடு பொருத்தினோம்.
ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன்,
நார் கொஞ்சம் இளகட்டும்.
சக்கரத்தைக் கால் மில்லிக்கு மேல் திருப்பவில்லை.
"இந்த வேகத்துக்கு ஆறே முந்திக்கும்"
என்று கொட்டாவி விட்டான் தொனா.
சற்றுக் கோணலாக உள்ளே விடு என்றேன்.
நேராக மோதுகிற கத்தி பிய்க்கும்,
சாய்ந்து வருவது சீவும்.
இத்தனையும் செய்தாலும் பாதிதான்.

மீதிப் பாதி
முதல்நாள் இரவே பின்னால் ஒட்டிய கட்டை.
அதே கனம், அதே இழையோட்டம்,
ஆறு கிளாம்ப்,
பிதுங்கிய பசையை வழிக்க என் பழைய பேருந்து அட்டை.

கட்டை ஏது என்கிறாயா?
கட்டில்.
லூட்ஜேயும் நானும் செய்தது, மஞ்சள் பிர்ச்.
போகும்போது மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டான்.
"என் வாழ்க்கைக்கே நீ ஒரு முட்டுக்கட்டை"
என்று அதன்மேல் உட்கார்ந்துதான் சொன்னான்.
அன்று மாலையே சட்டங்களை அறுத்தேன்.
இருபத்திரண்டு துண்டு தேறியது.
நோட்டரி மேசைக்கு இரண்டு,
பள்ளிக்கூடத்து ரொட்டிப் பலகைகளுக்கு ஒன்பது,
எது எதற்கோ மற்றது.
இதற்கு ஒன்று போக நாலு மிச்சம்.

இந்த மேசை ஃபபியெனுக்கு.
ஆர்டர் கொடுக்கும்போது அவள் சொல்லவில்லை.
விலாசம் சொல்லிற்று.
அந்த வீட்டு மாடிப்படி நான் போட்டது.

இன்றும் சடார் என்றது.
எந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்தேன்.
பிய்ந்திருந்தது பிர்ச்,
நாய் கடித்ததுபோல்.
மேப்பிள் விளிம்பு
நூல் பிடித்தபடி அப்படியே.
ரம்பத்தில் ஓட்டிக் கட்டையைக் கழித்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள்.
கையுறையைப் பல்லால் கழற்றி
ஓரத்தில் விரலோட்டினாள்.
நான் தேய்க்காமல் விட்ட ஒரே மூலையில்
விரல் நின்றது. கெட்டிக்காரி.
"உடையாமல் எப்படி வருது?"
பின்னால் ஒன்றை நிறுத்துவோம்.
"அது?"
அடுப்பைக் காட்டினேன்.
அவள் அடுப்பையே
தேவைக்கு மேல் பார்த்தாள்.

பில்லில் மரம் எழுதினேன், கூலி, பசை.
கட்டைக்கு எதுவும் எழுதவில்லை.
காசோலையில் இரண்டு பெயர்,
அவனுடையது மேலே.
கையெழுத்து மட்டும் அவளுடையது.

வேன் திரும்புகையில்
தூரத்தில் லாரி கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.
"உடைஞ்சிடுச்சு!" என்று
கோட்டைப் பாதி மாட்டிக்கொண்டு
பாலத்துக்கு ஓடினான் தொனா. தெருவே ஓடியது.

பசை ஒட்டிய கட்டை எரியாது, புகையும்.
அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.
ஏணி போட்டு ஏறி
மிச்சம் நாலையும் எண்ணினேன்,
நாலுதான்.
அடுத்த வாரம் மருத்துவமனைக்கு
மூன்று மேசை.