நாற்பது டிகிரி

பூவில் எடுத்த தேனில்லை இது.
மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது
இலைக்காம்பில் ஊறுவதை
ஈக்கள் நக்கிக் கொண்டுவந்தது.
ஆனி முடியுமுன் டிரம்முக்குள் உறைந்துவிட்டது.
கோரினால் கரண்டி வளையும்.

தூத்துக்குடி வியாபாரி
மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"சீனி போட்டிருக்கீங்க."
அவர் போனபிறகு வில்பிரட்
ஆத்திரத்தில் ஜீப்பின் கதவை உதைத்தான்.
எங்கள் ஜீப்தான். தவணை பாக்கி இருக்கிறது.

போன வருடம் வெந்நீர்த் தொட்டியில் இறக்கிப் பார்த்தோம்.
அடி கறுத்து, பாகு முறிந்த வாசம்.
ஆய்வுக்கூடத்துக் காகிதத்தில்
சிவப்பு மையில் வட்டமிட்ட ஒரு எண்.
அந்த வட்டத்துக்குள் போனது
நாற்பத்தோராயிரம் ரூபாய்.

இந்த வருடம் ஒரு பார்சல் வந்தது.
பிரித்தால் ஆரஞ்சு நிறத்தில் சிலிக்கோன் விரிப்பு,
தோசையின் தடிமன், எப்படி வளைத்தாலும் வளைகிறது.
உள்ளே கம்பி நரம்புபோல் ஓடித் திரும்புகிறது.
ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி,
சூட்டை அளந்துகொண்டே இருக்குமாம்.
டிரம்மின் இடுப்பைச் சுற்றி இழுத்து
ஸ்பிரிங் கொக்கிகளை மாட்டினேன்.
இரண்டாவது பேறு கழிந்து
என் வயிற்றில் துணி சுற்றிக் கட்டினார்களே,
அதே இறுக்கம்.

நாற்பதில் வைத்தேன்.
"அம்பதுல வை, சட்டுனு உருகும்" என்றான் வில்பிரட்.
வைக்கவில்லை.

முதல் ஒரு மணிநேரம் ஒன்றுமில்லை.
அருமனை மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு ஒரு டிக்.
சிவப்பு விளக்கு அணைந்தது.
கொஞ்சம் கழித்து இன்னொரு டிக்,
மறுபடி எரிந்தது.
போதும் என்று தானாகச் சொல்லத் தெரிந்த
ஒரு பொருள் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.
மிக்சி சொல்லாது. சீட்டுக்காரி சொல்லமாட்டாள்.
வில்பிரட்டின் அண்ணன் போன கிறிஸ்மசுக்கு
நாலாவது கிளாசிலும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்டு போனது.
களியல் பக்கம் எங்காவது மரம் சாய்ந்திருக்கும்.
லைன்மேன் போனை எடுக்கவில்லை,
எடுத்திருந்தாலும் "இப்பம் வாறேன்" என்றிருப்பார்.
விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்பிள்ளையின் நெற்றி.
அது ஆற ஆற
கையும் கூடவே ஆறியதால்
எவ்வளவு ஆறியது என்று கைக்குத் தெரியவில்லை.
அதற்குத்தான் அந்தப் பெட்டி போல.

கம்பளி, சாக்கு,
வில்பிரட்டின் குவைத் ஜாக்கெட்,
எல்லாவற்றையும் டிரம்முக்குச் சுற்றினேன்.
ஊர் வந்து ஒன்பது வருடத்தில்
அந்த ஜாக்கெட்டுக்கு முதல் வேலை.
இருட்டில் இரண்டுபேரும்
டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம்.
"அம்பதுல வச்சிருந்தா
இந்நேரம் உருகியிருக்கும்" என்றான்.
நான் பேசவில்லை.
அது கொஞ்சம் உண்மைதான்.

விடியுமுன் கரண்டு வந்தது.
டிக்.
அரைத்தூக்கத்தில் முதுகுக்குப் பின்னால்
ஏதோ பெரிதாய் நழுவும் ஓசை,
சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல.

மூடியைத் திறந்தோம்.
ஓரமெல்லாம் கட்டஞ்சாயா நிறத்தில் இளகியிருந்தது.
நடுவில் ஒரு வெள்ளைத் தீவு.
அதன்மேல் ஒரு ஈயின் ஒற்றைச் சிறகு,
முழுசாக.

இன்னும் ஒரு பகல் வேண்டும்.
எண்ணை மாற்றவில்லை.
தீவின் விளிம்பை விரலால் வழித்து
வில்பிரட்டின் வாயில் வைத்தேன்.
நெறுநெறுவென்று மென்றுகொண்டே கேட்டான்:
"சீனி போட்டிருக்கியா?"