பின்பக்கத்துக்கும் கொஞ்சம் தண்ணீர்

காகிதப்பட்டறை என்று ஷேர் ஆட்டோக்காரர் கத்துவார்.
இறங்கிப் பார்த்தால் பட்டறையும் இல்லை, காகிதமும் இல்லை.
முந்நூறு ஜிஎஸ்எம் தாளுக்கு லாங் பஜார் வரை அலைந்து
கடைசியில் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தேன்.
அந்தத் தாள்தான் இப்போது மேசைமேல்
பொரித்த அப்பளம் மாதிரி கிடக்கிறது.

பதினோராம் பக்கம்.
நஸ்ரீன் கொடுத்த ஆர்டர்,
சுகிர்தாவுக்குப் பிரிவு உபசார ஆல்பம்.
இருவரும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஒரே லைனில் ஏழு வருஷம்.
நீலம் இரண்டு பூச்சு, அதன்மேல் வெள்ளை,
வெள்ளையின்மேல் ஷிஃப்ட் பாஸ், கேன்டீன் டோக்கன்,
வெட்டி எறிந்த பழுப்புத் தோல் ஒரு விரல் அகலம்.
பசையை மட்டும் தாராளமாக வைத்துவிட்டேன்.

கத்திரி வெயில்
ஜன்னலில் நின்றபடியே
மேல்பக்க ஈரத்தை உறிஞ்சிவிட்டுப் போனது.
நான்கு மூலையும் எழுந்து
ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்தன.
பாலாற்றில் ஒரு வருஷம் தண்ணீர் வந்து வடிந்தபின்
வண்டல் இப்படித்தான் ஓடு ஓடாகச் சுருண்டிருந்தது,
செருப்புக்காலுக்கு நொறுங்கியது.
ஆற்றை யாரும் இஸ்திரி போட வரவில்லை.

திருப்பிப் போட்டேன்.
முன்பக்கம் குடித்ததைப் பின்பக்கம் குடிக்கவில்லை,
அந்தக் கணக்குத் தீராமல் தாள் படுக்காது.
சலூன் பாட்டிலில் மூன்றே அழுத்து,
பனி மாதிரி. நான்காவது அழுத்து ஆபத்து.
மேலே ஒரு பட்டர் பேப்பர், கீழே ஒன்று.
பட்டுக்கு வைக்கிற சூட்டில் பெட்டியை ஓட்டி
தோல் இருக்கும் இடத்தை மட்டும்
தூங்குகிற பிள்ளையைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனேன்.

பிறகு பாரம்.
குரூப் டூ கைடு ஆறு, குரூப் ஃபோர் மூன்று,
நடப்பு நிகழ்வுகள், அது நடந்து முடிந்து ஐந்து வருஷம்.
நான்கு தடவை எழுதியும்
என்னை ஓரங்குலம் நகர்த்தாத புத்தகங்கள்;
நகராமல் இருப்பதில் கெட்டி.
ராத்திரி தேவநேசன் அதன்மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்தார்.
வையுங்க, வெயிட்டுதானே என்றேன்.

காலையில் மூன்று மூலை படுத்திருந்தது.
நான்காவது, என் தம்பியைப் போல, இல்லை என்றது.

மேல்விஷாரம் பஸ்ஸில் வந்திறங்கிய நஸ்ரீன்
பார்த்ததும் சிரித்தாள்.
"இதுக்கா தூங்கலக்கா?
எங்க அத்தா டேனரியில டாகிள் போடறவரு.
ஈரத்தோலை சட்டத்துல இழுத்துச்
சுத்திலும் கிளிப் மாட்டிருவாரு.
சுருங்கணும்னு அது நெனச்சாலும் வழி இருக்காது."

பரீட்சை அட்டையைத் தேடி எடுத்தேன்.
ஹால் டிக்கெட் சொருகியிருந்த அட்டை.
இன்னொரு தடவை தெளித்து
கொடியிலிருந்து துணி கிளிப் பதினெட்டு உருவி
நாலு பக்கமும் கடிக்க வைத்தோம்.
ஃபேனை நிறுத்தச் சொன்னாள்,
அவசரமாகக் காய்ந்தால் மறுபடி எழுந்துக்கும் என்று.

இரண்டு மணி நேரம்
வேர்வையில் நாங்கள் நனைந்தோம், தாள் காய்ந்தது.
சுகிர்தா எந்த ஊருக்குப் போறா என்று அப்போதுதான் கேட்டேன்.
"எந்த ஊருக்கும் இல்லக்கா. மாடிக்கு.
சூப்பர்வைசர் ஆயிட்டா.
திங்கக்கிழமையிலிருந்து எங்களைத் திட்டறது அவ வேலை."

கிளிப்புகளைக் கழற்றினோம்.
தரையாய்க் கிடந்தது பக்கம்,
ஷிஃப்ட் பாஸ் அடியில் ஒரு சின்ன மேட்டைத் தவிர.
நஸ்ரீன் கட்டைவிரலால் அமுக்கினாள். டொக்.
பின்பக்கம் புடைத்தது.
திருப்பி அமுக்கினாள். டொக்.
பிரித்து வேற ஒட்டித் தரேன் என்றேன்.

"வேணாங்க்கா. கண்ணாடி ரூம்ல உக்காந்து
இதை அவ அமுக்கிப் பாக்கட்டும்."

அப்புறம் பர்ஸைத் திறந்து
அந்த மேட்டுக்காக ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டாள்.